திங்கட்கிழமைக்காரன்

“உள்ளேன் ஐயா” என்பதை நான் இரண்டு குரலில் சொல்வேன். என் பேருக்கு என் சொந்தக் குரல். அதற்கு நாலு பேர் தள்ளி வருகிற பேருக்குக் கொஞ்சம் கட்டைக் குரல், பெஞ்சுக்கடியில் விழுந்த பென்சிலைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டு. சில வாரம் அது செல்லுபடியானது. ஒரு நாள் கணக்கு வாத்தியார் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, “நாடா வந்துட்டானா? எந்திரிச்சு நிக்கச் சொல்லு, கண் குளிரப் பாக்கறேன்” என்றார். நான் பென்சிலைத் தேடிக்கொண்டே இருந்தேன். வகுப்பு சிரித்தது. அன்றைக்கு இரண்டு கட்டங்களிலும் சிவப்பு மை விழுந்தது. வந்திருந்தவனுக்கும் வராதவனுக்கும்.

நாடா என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பாவாடை நாடா ஞாபகத்துக்கு வரும். சோமனூரில் அது தறியில் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் ஓடுகிற மரக்கட்டை. இரண்டு முனையிலும் இரும்புக் கூர், வயிற்றுக்குள் நூல் சுற்றிய தார். ஒரு நாள் வகுப்பில், ஒரு நாள் தறிக்குடோனில் என்று அவன் ஓடிக்கொண்டிருந்ததால் அந்தப் பேர். யார் முதலில் வைத்தது என்று கேட்டால் நான்தான் என்று பலரும் உரிமை கோருவார்கள். வைத்தது வாத்தியார்.

எங்கள் ஊரின் சத்தத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கோவைக்கும் திருப்பூருக்கும் நடுவில், ரயில் பாதை ஓரத்தில் இருக்கிற ஊர். கருமத்தம்பட்டிப் பிரிவில் பஸ்ஸை விட்டு இறங்கித் தெற்கே நடந்தால், வீடுகள் கண்ணில் படுவதற்கு முன்னால் சத்தம் காதில் படும். கடக் கடக் கடக் கடக். பள்ளிக்கூடத்தைச் சுற்றிலும் குடோன்கள். வாத்தியார்கள் அத்தனை பேரும் அந்தச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியவர்கள். திடீரென்று கரண்ட் போகும். ஊரே ஒரு நொடியில் ஊமையாகிவிடும். “அசோகர் மரங்களை நட்டார்” என்று சரித்திர வாத்தியார் கத்திக்கொண்டிருப்பது அப்போதுதான் கத்தல் என்று தெரியும். அவருக்கே வெட்கமாகிக் குரலை இறக்குவார். இறக்கி முடிப்பதற்குள் கரண்ட் வந்துவிடும்.

நாடாவின் வீட்டில் நாலு தறி. சொந்தத் தறி என்றாலும் சொந்தத் துணி கிடையாது. ஜவுளிக்காரர் பாவு நூலும் ஊடை நூலும் கொடுப்பார், காடாத் துணியாக நெய்து கொடுத்தால் மீட்டருக்கு இவ்வளவு பைசா என்று கூலி. எங்கள் பகுதியில் பெரும்பாலான குடும்பங்கள் அப்படித்தான். பேருக்கு முதலாளி, கணக்குக்குக் கூலிக்காரர். இரண்டு தறியை அவனுடைய அய்யன் ஓட்டினார். மற்ற இரண்டுக்குக் கூலிக்குத் தறிக்காரர் ஒருவர் வந்தார். தார் சுற்றுவது அம்மாவும் அக்காவும் நாடாவும்.

தார் என்பது பென்சிலைவிடக் கொஞ்சம் பருத்த குச்சி. அதில் ஊடை நூலைச் சுற்றி நாடாவுக்குள் வைத்தால் சில நிமிஷத்தில் தீர்ந்துவிடும். அடுத்தது தயாராக இருக்க வேண்டும். நாலு தறிக்குத் தீனி போடுவதென்றால் கை நிற்கவே கூடாது. ஓடுகிற நூலைப் பிடித்துப் பிடித்து அவனுடைய ஆள்காட்டி விரலில் மெல்லிய கோடுகள் விழுந்திருக்கும். தலையில், புருவத்தில், காது மடலில் பஞ்சு. பத்து வயதில் நரைத்துப்போன கிழவன் மாதிரி வந்து உட்காருவான். முதல் நாள் ஏன் வரவில்லை என்று அவனிடம் எந்த வாத்தியாரும் கேட்டதில்லை. புருவமே சொல்லிவிடும்.

நான் மட்டம் போட்டது வேறு வகை. என் அப்பாவுக்குப் பாவு நூலுக்குக் கஞ்சி போடுகிற சைசிங் மில்லில் வேலை. வீட்டில் தறி இல்லை, என் கையை எதிர்பார்த்து எந்த வேலையும் இல்லை. பின்னக் கணக்கு வந்தது, எனக்குப் பள்ளிக்கூடம் கசந்தது. சோமனூர் ஸ்டேஷனில் மேற்கே கடைசியில் ஒரு சிமென்ட் பெஞ்சு உண்டு. அதில் உட்கார்ந்து கூட்ஸ் வண்டியில் எத்தனை பெட்டி என்று எண்ணுவேன். வகுப்பில் எண்ணச் சொன்னால் எண்ணாதவன் அங்கே ஒன்று விடாமல் எண்ணினேன். நொய்யலில் தண்ணி வந்த வருஷம் சாமளாபுரம் குளம் நிறைந்து கிடந்தது. புத்தகப் பையைக் கருவேலங் கிளையில் தொங்கவிட்டுவிட்டு மத்தியானம் வரைக்கும் அங்கேதான். அக்டோபரில் கருமத்தம்பட்டி மாதா கோயில் தேர் வரும். தேருக்கு நாலு நாள் முன்னாலேயே கடை போட ஆரம்பிப்பார்கள். அவர்கள் கடை போடுவதை மேற்பார்வை பார்க்க நான் போய்விடுவேன்.

அம்மா கண்டுபிடித்தது சட்டையைத் துவைக்கும்போது. பைக்குள் ஈரமான நத்தை ஓடு இரண்டு.

“ஏஞ்சாமி, உங்க பள்ளிக்கோடத்துல நத்தை வளத்தறாங்களா?”

நான் அறிவியல் பாடம் என்றேன். அம்மா பள்ளிக்கூடமே போகாதவள். அதனாலேயே அவளை ஏமாற்ற முடியாது. விளக்குமாற்றுக் குச்சி எத்தனை விழுந்தது என்பதையும் நான் எண்ணியிருக்கிறேன்.

ஒருமுறை போகாமல் இருந்து பார்த்தால் அடுத்த முறை போகப் பயமாக இருக்கும். கரும்பலகையில் இருப்பது புரியாது. புரியாத இடத்தில் உட்கார்ந்திருப்பதைவிட ஸ்டேஷன் பெஞ்சு நல்லது. மறுபடி போகாமல் இருந்தால் இன்னும் புரியாது. புரியாததால் போகவில்லையா, போகாததால் புரியவில்லையா என்று இன்றைக்குக் கேட்டாலும் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. நாடாவுக்கு இந்தக் குழப்பம் கிடையாது. அவன் வர ஆசைப்பட்டான், வர முடியவில்லை. நான் வர முடிந்தவன், வரவில்லை. பதிவேட்டில் இரண்டு பேருக்கும் ஒரே சிவப்பு. எனக்கு அது அன்றைக்கே அநியாயமாகப் பட்டது. எனக்குச் சாதகமான அநியாயம் என்பதால் வாயைத் திறக்கவில்லை.

1982 ஜூலையில் எம்.ஜி.ஆர் சத்துணவைத் தொடங்கியபோது நான் மூன்றாம் வகுப்பு. முதலில் சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும். 1984இல் பத்து முதல் பதினைந்து வயது வரைக்கும் என்று நீட்டினார்கள். அதற்குப் பிறகுதான் பெரிய வகுப்புகளில் மத்தியானத்துக்கு முன் ஒரு கூட்டம், பின் ஒரு கூட்டம் என்று ஆனது. தட்டு மட்டும் கொண்டு வந்த பையன்கள் இருந்தார்கள். பை கிடையாது, தட்டு. பதினொன்றரைக்கு வாசலில் நிழலாடும். சோறு ஆனதும் நிழல் குடோன் பக்கம் திரும்பிவிடும். சத்துணவு பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்தது என்று எழுதுகிறார்கள், உண்மைதான். இழுத்து வந்து பள்ளி வாசலில் விட்டது. அங்கிருந்து கரும்பலகை வரைக்கும் இழுப்பது வேறு யாரோ செய்ய வேண்டிய வேலையாக இருந்தது.

முட்டை வந்தது 1989 ஜூனில், கருணாநிதி ஆட்சியில். இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை. அன்றைக்கு வகுப்பு நிரம்பி வழியும். கணக்கு வாத்தியார் அந்த நாளாகப் பார்த்துத் தேர்வு வைப்பார். தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது, “ஒரு முட்டை அங்க சாப்பிட்டாச்சு, இன்னொண்ணு இங்க வாங்கிக்கங்க” என்று சைபர் போட்ட தாள்களை நீட்டுவார். சத்துணவு அமைப்பாளரிடம் அவர் ஒரு தடவை கெஞ்சியதை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். “அந்த முட்டையத் திங்கக்கெழமை போடுங்கம்மா, புண்ணியமாப் போகும்.” அந்த அம்மா, “கெழமையை நானா சார் முடிவு பண்றேன், மேல இருந்து வர்றதுங்க” என்றார்கள்.

ஏன் திங்கட்கிழமை என்பதற்குத்தான் வருகிறேன்.

நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது கூலி உயர்வு கேட்டுத் தறிகளை நிறுத்தினார்கள். எங்கள் பக்கத்தில் இது புதிதல்ல. ஜவுளி உற்பத்தியாளர்கள் ஒரு கூலிக்கு ஒப்புக்கொள்வார்கள், சில மாதத்தில் அதற்குக் கீழே இறக்குவார்கள், தறிக்காரர்கள் நிறுத்துவார்கள், கலெக்டர் ஆபீசில் பேச்சுவார்த்தை நடக்கும். 1984இல் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்த கதையைப் பெரியவர்கள் டீக்கடையில் ராமாயணம் மாதிரி சொல்லிக்கொண்டிருந்த காலம்.

தறி நின்ற முதல் நாள் காலையில் எழுந்தபோது காது அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. காக்காய் கத்துவது கேட்டது. பள்ளிக்கூடத்துக்குப் போனால் எங்கள் வகுப்பில் உட்கார இடமில்லை. பதிவேட்டில் 54 பேர். எந்த நாளும் முப்பத்தைந்து நாற்பதைத் தாண்டியதில்லை. அன்றைக்கு 54 பேரும். ஆறு மாதமாகச் சிவப்பு மையாக மட்டுமே அறிந்திருந்த பேர்களுக்கெல்லாம் மூக்கும் முழியும் வந்து உட்கார்ந்திருந்தது. பெஞ்சு போதாமல் கீழே உட்கார்ந்தார்கள். வாத்தியார் சத்தமில்லாத வகுப்பில் பேசத் தெரியாமல் கொஞ்ச நேரம் தடுமாறினார்.

அந்த நாட்களில் நாடா முழு வாரமும் வந்தான். புருவத்தில் பஞ்சில்லாத நாடாவை அப்போதுதான் பார்த்தேன். கணக்கில் அவன் கை வேகம் யாருக்கும் வராது. மீட்டருக்கு இத்தனை பைசா, நாலு தறி, வாரத்துக்கு இத்தனை பீஸ், டேமேஜுக்குப் பிடித்தம் போக மிச்சம் எவ்வளவு என்பதை மனசிலேயே போட்டு வளர்ந்தவன். வாத்தியார் சொல்லி முடிப்பதற்குள் விடை வந்துவிடும். அரையாண்டுத் தேர்வில் அவன் கணக்கில் 58. காலாண்டில் எடுத்தது 19. வகுப்பில் பாதிப் பேருக்கு மதிப்பெண் ஏறியிருந்தது. எனக்கு ஏறவில்லை. தறி நின்றாலும் சாமளாபுரம் குளம் நிற்கவில்லையே.

ஊர் அப்போது எப்படி இருந்தது என்று சொல்லாவிட்டால் பாதிப் பொய்யாகிவிடும். மளிகைக் கடையில் கடன் நோட்டு பருத்தது. சத்துணவு வரிசையில், வீட்டில் சோறு சாப்பிடுகிறவர்கள் என்று பேர் வாங்கியவர்களும் நின்றார்கள். நாடாவின் அம்மா காதில் கிடந்த தோடு ஒரு நாள் காணாமல் போய் ஈர்க்குச்சி வந்தது. அந்தச் சமயத்தில் நாடா தேர்வுத் தாளைக் கொண்டுபோய் வீட்டில் காட்டி, “தறி ஓடாமயே இருந்தா நல்லா இருக்குமுங்க அய்யா” என்று சொல்லிவிட்டான். அவர் அதுவரை அவனை அடித்ததில்லையாம். அன்றைக்கு அடித்தார். அடித்துவிட்டு அவரே வெளியில் போய் உட்கார்ந்துகொண்டார் என்று அவன் சொன்னான்.

கூலி ஒப்பந்தம் முடிந்து தறி ஓட ஆரம்பித்தது. திங்கட்கிழமை நாடா வரவில்லை.

அதற்கப்புறம்தான் கணக்கு வாத்தியாருக்கு ஏதோ பொறி தட்டியிருக்க வேண்டும். அவர் இரண்டு நோட்டுகளையும் மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒன்று வருகைப் பதிவேடு, இன்னொன்று மதிப்பெண் நோட்டு. சிவப்பு மையைக் கிழமைவாரியாகப் பிரித்து எண்ணினார். மறுநாள் வகுப்பில், யாரையும் திட்டாமல், தனக்குத்தானே பேசுகிற மாதிரி சொன்னார்: “முப்பத்தஞ்சுக்குக் கீழ இருக்கற இருவது பேருல பதினேழு பேரு திங்கக்கெழமைக்காரனுக.”

எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. யோசித்தால் ஊருக்கே தெரிந்த விஷயம்தான். வாரக் கூலி சனிக்கிழமை. ஞாயிறு தறிக்கு லீவு. சனிக்கிழமை இரவு சாராயக் கடைப் பக்கம் போன தறிக்காரர் திங்கட்கிழமை காலையில் எழுந்திருக்க மாட்டார். அல்லது கறி எடுத்துக்கொண்டு மாமியார் ஊருக்குப் போனவர் திரும்பியிருக்க மாட்டார். தறி சும்மா நிற்கக் கூடாது. வீட்டுப் பையன் தறிக்கு அல்லது தாருக்கு. பாவு தீர்ந்திருந்தால் திங்கட்கிழமைதான் புதுப் பாவு பிணைப்பார்கள். பழைய பாவின் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையைச் சேர்த்து முறுக்குகிற வேலை, ஆயிரக்கணக்கான இழை. சின்னக் கை இருந்தால் வசதி.

பள்ளிக்கூடத்தில் திங்கட்கிழமை என்ன? புதுப் பாடம். எந்த வாத்தியாரும் வெள்ளிக்கிழமை ஒரு பாடத்தை முடித்துவிட்டுத் திங்கட்கிழமை அடுத்ததைத் தொடங்குவார். அதுதான் ஒழுங்கு. எக்ஸ் என்றால் என்ன என்று திங்கட்கிழமை சொல்லிவிடுவார்கள். செவ்வாயிலிருந்து வெள்ளி வரைக்கும் எக்ஸ் அங்கேயும் இங்கேயும் போகும், வரும், குறி மாறும். திங்கட்கிழமை வராதவனுக்கு அது கடைசி வரைக்கும் பெருக்கல் குறிதான். நாடா வாரத்துக்கு ஒரு நாள்தான் வராமல் இருந்தான், நிறைய வாரங்களில். கணக்குப் பார்த்தால் ஐந்தில் நாலு பங்கு வந்தவன். ஆனால் அந்த வருஷம் தொடங்கிய பெரும்பாலான பாடங்களின் முதல் நாளில் அவன் இல்லை. நாலு நாள் வந்ததற்கான பலனை ஒரு நாள் தின்றுவிட்டது.

எனக்கு இதில் ஒரு ஆறுதல் கிடைத்தது. நான் எல்லாக் கிழமையிலும் பாரபட்சமில்லாமல் மட்டம் போட்டவன். “நீ எந்தக் கணக்குலயும் அடங்க மாட்டீடா” என்றார் வாத்தியார்.

அவர் நாடாவின் வீட்டுக்குப் போனார். நோட்டு தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன். தறிச் சத்தத்தில் பேச முடியாதென்று அய்யன் வெளியில் கட்டிலைப் போட்டார். மோர் வந்தது.

“பையன் திங்கக்கெழமை வர்றதில்லீங்களே.”

“திங்கக்கெழமை தறிக்காரன் வர்றதில்லீங்களே வாத்தியாரே.”

“நல்ல மூளைங்க அவனுக்கு.”

“தெரியுமுங்க. கூலிக் கணக்க அவன்தானுங்க பாக்கறான். எனக்குக் கைநாட்டு.” கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ரெண்டு தறி ஒரு நா நின்னா அந்த வாரத்து வட்டி நிக்குதுங்க. நீங்களே ஒரு வழி சொல்லுங்க, செய்யறேன்.”

வாத்தியாரிடம் வழி இல்லை. மோரைக் குடித்தோம். வருகிற வழியில் அவர் பேசவே இல்லை. பள்ளிக்கூட வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, “அவரு மாத்த முடியாது. அப்ப நாந்தான் மாத்தோணும்” என்றார்.

அந்த வாரத்திலிருந்து அவர் வகுப்பில் புதுப் பாடம் செவ்வாய்க்கிழமை தொடங்கியது. திங்கட்கிழமை மனக்கணக்கு, பழைய பாடத்தின் பயிற்சி, சில நாள் புதிர். எங்களுக்கு ஏழிலிருந்து பத்து வரைக்கும் கணக்குக்கு அவரேதான் வந்தார். அதுவரைக்கும் இதை விடாமல் செய்தார். ஆசிரியர் அறையில் “தறிக்காரனுக்காகக் காலண்டரையே மாத்திட்டாரு” என்று கிண்டல் பண்ணினார்கள். வேறு எந்தப் பாட ஆசிரியரும் மாற்றவில்லை. அவர்களையும் குறை சொல்வதற்கில்லை. மாதா மாதம் பாடத்திட்டம் இவ்வளவு முடிந்திருக்க வேண்டும் என்று நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டியவர்கள்.

நாங்கள் அந்த ஏழாம் வகுப்பில் இருந்தபோதுதான், 1986 டிசம்பரில், குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. பதினாலு வயதுக்குக் கீழே உள்ளவர்களை வைக்கக் கூடாத வேலைகளின் பட்டியலில் துணிக்குச் சாயம் போடுவதும் அச்சடிப்பதும் நெய்வதும் இருந்தன. நல்ல சட்டம். ஆனால் அதிலேயே ஒரு வரி: குடும்பத்தாரை வைத்துச் சொந்தமாக நடத்துகிற பட்டறைக்கு இது பொருந்தாது. அந்த ஒரு வரிக்குள் சோமனூர் முழுதும் நுழைந்துகொள்ளலாம். நாடா யாருக்கும் கூலிக்காரன் இல்லை, அப்பாவுக்கு மகன். 2016இல் சட்டத்தைத் திருத்தி எல்லா வேலைக்கும் தடை என்றார்கள். குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும் உதவலாம் என்று விதிவிலக்கை அப்போதும் வைத்தார்கள். எழுதியவர்கள் திங்கட்கிழமை காலையில் ஒரு தறிக்குடோன் வாசலில் நின்று பார்த்திருக்க மாட்டார்கள் என்பது என் கட்சி.

1990 பொதுத்தேர்வு முடிவு பேப்பரில் வந்தது. டீக்கடையில் ஒரே பேப்பர், பத்துத் தலை. எண்கள் பொடி எழுத்தில் வரிசையாக இருக்கும். என் எண் இருந்தது. எப்படி என்று கேட்காதீர்கள், பத்தாம் வகுப்பில் அம்மா பள்ளிக்கூட வாசல் வரைக்கும் கூடவே வந்து விட்டுவிட்டுப் போனாள், தினமும், பையன்கள் முன்னால். நாடாவின் எண் இல்லை. எனக்கு முந்தின எண்ணுக்கும் பிந்தின எண்ணுக்கும் நடுவில் அவன் தேடிக்கொண்டே இருந்தான். அவன் எண் அந்த இடத்தில் வராது என்று அவனுக்குத் தெரியும், இருந்தும் தேடினான்.

மதிப்பெண் பட்டியல் வந்தபோது கணக்கில் 61. தமிழ், அறிவியல், சமூக அறிவியல் தட்டுத்தடுமாறித் தேறியிருந்தான். ஆங்கிலம் 27. ஆங்கிலத்துக்குத் திங்கட்கிழமை முதல் பீரியடு, அதில்தான் இலக்கணம். வாத்தியார் பட்டியலை வாங்கி 61ஐ ரொம்ப நேரம் பார்த்தார். 27ஐப் பார்த்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. “அக்டோபர்ல எழுதிரு, ஒரு பாடந்தான்” என்றார்.

நான் கடைசியில் வாத்தியாரானேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளலாம். இப்போது பதிவேடு கிடையாது, காலையில் செல்போனில் கல்வித் துறையின் எமிஸ் செயலியைத் திறந்து வராதவன் பேரைத் தொட வேண்டும். தொட்டதும் அது சென்னைக்குப் போய்விடுகிறது. 2023 மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்த் தேர்வுக்கு ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வரவில்லை என்றபோது ஊரெல்லாம் அதிர்ந்தது. எங்களுக்கு அதிர்ச்சி இல்லை. கொரோனாவுக்குப் பிறகு வகுப்புக்கு வராமல் பெயர்ப் பட்டியலில் மட்டும் இருந்தவர்கள் தேர்வுக்கும் வரவில்லை, அவ்வளவுதான். அமெரிக்காவில் வேலை நாளில் பத்தில் ஒரு பங்கு வராதவனை நாள்பட்ட வராதவன் என்று தனியாகக் கணக்கெடுக்கிறார்கள். கொரோனாவுக்குப் பிந்தைய ஒரு வருஷத்தில் அங்கே நாலில் ஒரு பிள்ளைக்கு மேல் அந்தக் கணக்கில் வந்தது. இங்கிலாந்தில் பெற்றோருக்கு அபராதமே போடுகிறார்கள். நாடாவின் அய்யனுக்கு அபராதம் போட்டிருந்தால் அதைக் கட்டுவதற்கு நாடா செவ்வாய்க்கிழமையும் தார் சுற்றியிருப்பான்.

எங்கள் பகுதிப் பள்ளிகளில் இப்போது தறிக்காரர் பிள்ளைகள் குறைவு. ஒடிசா, பீகார் பிள்ளைகள் கூடியிருக்கிறார்கள். தீபாவளியும் சட் பூஜையும் ஒட்டி ரயிலேறினால் திரும்பி வரும்போது இரண்டு பாடம் போயிருக்கும். என் வகுப்பில் அவர்கள் வந்து இறங்கிய மறுநாள் எந்தப் பாடமாக இருந்தாலும் நிறுத்திவிட்டு ஒரு நாள் பின்னால் போவேன். அதற்கு எமிஸில் கட்டம் இல்லை.

2022 ஜனவரியில் மறுபடி தறிகள் நின்றன. சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதம், மற்ற ரகங்களுக்கு 20 சதவீதம் என்று அறிவித்த கூலி உயர்வு கைக்கு வரவில்லை என்று போராட்டம். தறி நின்ற அந்த மாதம் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்களும் மூடிக் கிடந்தன. அப்போதுதான் நாடாவைப் பல வருஷம் கழித்து அவன் குடோனில் பார்த்தேன். நாலு தறியையும் பழைய இரும்புக்குப் போட்டுவிட எடைக்காரனிடம் பேசிக்கொண்டிருந்தான். எடைக்காரன் கால்குலேட்டரைத் தட்டி முடிப்பதற்குள் இவன் தொகையைச் சொல்லிவிட்டான்.

திண்ணையில் உட்கார்ந்தோம். வாத்தியார் இறந்துபோனதைச் சொன்னேன். தெரியும், சாவுக்குப் போயிருந்தேன் என்றான். பேச்சு அந்த அக்டோபருக்கு வந்தது. ஏன் எழுதவில்லை என்று நான் அவனிடம் கேட்டதே இல்லை, முப்பது வருஷத்துக்கு மேல்.

“எழுதலாம்னுதான் கெளம்புனன். வெள்ளெனே எந்திரிச்சுத் தண்ணி வாத்துட்டு, ரெண்டு பேனா, சைக்கிளுக்குக் காத்தெல்லாம் அடிச்சு வெச்சுட்டன். குடோன் முன்னால அய்யன் நின்னுட்டிருந்தாரு. போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லுல. தறிக்காரன் வருலைன்னு மட்டுந்தான் சொன்னாரு.”

ஆங்கிலம் முதல் தாள் திங்கட்கிழமை வைத்திருந்தார்கள். ஹால் டிக்கெட் இன்னும் பீரோவில் இருக்கிறது என்றான்.